கலிஃபோர்னியாவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு: மில்ஸ் சட்டத்தின் கீழ் சொத்து வரியைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலை மேலே தூக்கினால் சுவருக்குள் ஏதோ இரும்பு இறங்கும் சத்தம் கேட்கும். 1912ல் கட்டிய வீடு. ஜன்னல் சட்டத்தின் இரண்டு பக்கமும் சுவருக்குள் பொந்து இருக்கிறது. அதில் வார்ப்பிரும்பு எடைக்கல் ஒரு பருத்திக் கயிற்றில் தொங்குகிறது. கயிறு மேலே ஒரு சின்னக் கப்பி வழியாக வந்து ஜன்னல் கதவைப் பிடித்திருக்கிறது. எடைக்கல் கீழே போனால் ஜன்னல் மேலே வரும். ஒருநாள் கயிறு அறுந்து ஜன்னல் தொப்பென்று விழுந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வினைல் ஜன்னல் போடச் சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார். கடைசியில் புதுக் கயிறு வாங்கி, ஒரு சனிக்கிழமையில் நாங்களே கட்டிவிட்டோம். சட்டத்து மரம் பழங்காட்டு ரெட்வுட். நூறு வருடம் கழித்தும் உளுத்துப்போகவில்லை.

இந்த ஜன்னலைக் காப்பாற்றும் வீட்டுக்காரருக்குச் சொத்து வரியைக் குறைத்துக் கொடுக்கக் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமே இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1972ல் வந்த மில்ஸ் சட்டம் அது. சான் டியாகோவைச் சேர்ந்த மாநில செனட்டர் ஜேம்ஸ் மில்ஸ் கொண்டு வந்ததால் அந்தப் பெயர். கடன் போட்டுப் பழைய வீடு வாங்கிவிட்டு, வரியும் ரிப்பேரும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது இந்தச் சட்டம் தரும் உதவி சாதாரணமானது இல்லை. ஆனால் பலர் இதை ஏதோ தள்ளுபடி மாதிரி நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். இது ஓர் ஒப்பந்தம். வரியில் மிச்சமாகும் பணத்தை வீட்டிலேயே போடுவேன் என்று நகரத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த எழுத்து உங்களோடு போகாது, வீட்டோடு தங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: உங்கள் நகரம் இதில் சேர்ந்திருக்கிறதா?

மாநிலச் சட்டம் அனுமதியை மட்டும்தான் தருகிறது. ஒப்பந்தம் போடுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நகரத்தின் விருப்பம். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், பெர்க்லி, சான் ஹோசே, பாசடீனா, ஆரஞ்ச், சான்டா ஆனா போன்றவை சேர்ந்திருக்கின்றன. பக்கத்து நகரத்தில் இருந்து உங்கள் நகரத்தில் இல்லாமலும் போகலாம். நகர எல்லைக்கு வெளியே, கவுண்ட்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கும் வீடு என்றால் கவுண்ட்டி சேர்ந்திருக்க வேண்டும்.

நகரத் திட்டமிடல் துறைக்குப் போன் செய்து நாலு கேள்வி கேளுங்கள். திட்டம் இந்த வருடம் திறந்திருக்கிறதா? விண்ணப்பக் கடைசி நாள் எது? வீட்டு மதிப்புக்கு உச்சவரம்பு உண்டா? கட்டணம் எவ்வளவு? வரி வருமானம் குறைகிறதே என்று சில நகரங்கள் ஆண்டுக்கு இத்தனை ஒப்பந்தங்கள்தான் என்று கட்டுப்பாடு வைக்கின்றன. சில நகரங்கள் கொஞ்ச காலம் விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தி வைக்கின்றன. போன வருடம் நண்பர் வாங்கினாரே என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

படி 2: வீடு பதிவேட்டில் இருக்கிறதா?

வீடு பழையதாக இருந்தால் மட்டும் போதாது. ஏதாவது ஓர் அதிகாரபூர்வப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ‘நேஷனல் ரெஜிஸ்டர்’ எனப்படும் தேசியப் பதிவேடாக இருக்கலாம், மாநிலப் பதிவேடாக இருக்கலாம், நகரமோ கவுண்ட்டியோ வைத்திருக்கும் பட்டியலாகவும் இருக்கலாம். தனியார் சொத்தாகவும், சொத்து வரியிலிருந்து விலக்குப் பெறாததாகவும் இருக்க வேண்டும்.

தனித்தனியாகப் பதிவான வீடுகள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு வழி திறப்பது வரலாற்று வட்டாரம் மூலமாகத்தான். ஒரு தெரு முழுவதும் அறிவிக்கப்பட்டிருக்கும். அதில் பழைய தோற்றத்தைக் காத்து நிற்கும் வீடுகளுக்கு ‘காண்ட்ரிபியூட்டர்’ என்று பெயர். அதே தெருவில் முகப்பையே மாற்றிவிட்ட வீட்டுக்கு அந்தப் பெயர் கிடைக்காது, ஒப்பந்தமும் கிடைக்காது. லாஸ் ஏஞ்சலஸில் இந்த வட்டாரங்களை ‘எச்பிஓஸி’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் முதலில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சான்று தேவை: கட்டிய ஆண்டின் அனுமதிச் சீட்டு, பழைய புகைப்படம், யார் கட்டினார்கள், யார் குடியிருந்தார்கள் என்ற விவரம். பழைய நகர டைரக்டரிகளும், காப்பீட்டுக்காக வரையப்பட்ட சான்போர்ன் வரைபடங்களும் பல நூலகங்களில் கிடைக்கின்றன. சான்போர்ன் வரைபடத்தில் நம் வீட்டுத் திண்ணையின் வடிவம்கூடத் தெரிகிறது. அந்தப் பழைய தாளில் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்த அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஒரு காசு செலவழிக்கும் முன் இந்தப் படியை முடித்துவிடுங்கள். உங்களுக்கு மிச்சம் ஆயிரக்கணக்கிலா, வெறும் நாற்பது டாலரா என்பது இங்கேதான் தெரியும்.

முதலில் இப்போதைய முறை. 1978ல் மக்கள் வாக்களித்து வந்த ‘ப்ரொப்பொசிஷன் 13’ படி, நீங்கள் வாங்கிய விலைதான் அடிப்படை மதிப்பு. அது ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வரி அந்த மதிப்பில் 1 சதவீதம். அதோடு வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பத்திரக் கடன்களுக்காகக் கொஞ்சம் சேரும். புதிதாக வாங்கியவர் இன்றைய விலைக்கு வரி கட்டுவார். நாற்பது வருடமாக இருப்பவர் பழைய விலையின் சாயலில் கட்டுவார்.

மில்ஸ் ஒப்பந்தம் போட்டால் கவுண்ட்டி அசெஸர், அதாவது சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரி, வீட்டை வேறு கண்ணால் பார்க்கிறார். சந்தையில் எவ்வளவுக்குப் போகும் என்று கேட்பதில்லை. வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கேட்கிறார். நீங்களே குடியிருந்தாலும் அதேதான். அக்கம்பக்கத்து வாடகையைப் பார்த்து ஒரு தொகை வைக்கிறார். காலியாகக் கிடக்கும் நாட்களுக்கும், காப்பீடு, பராமரிப்பு போன்ற செலவுகளுக்கும் கழிக்கிறார். வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்க மாட்டார். மீதி நிகர வருமானத்தை ஒரு விகிதத்தால் வகுத்தால் வருவதுதான் மில்ஸ் மதிப்பு.

அந்த விகிதத்தில் நாலு துண்டுகள். ஒன்று, மாநில வரி வாரியம் ஆண்டுதோறும் அறிவிக்கும் வட்டி. இரண்டு, அபாயத்துக்கான கூடுதல்: சொந்தக்காரரே குடியிருக்கும் தனி வீட்டுக்கு 4 சதவீதம், மற்றவற்றுக்கு 2 சதவீதம். மூன்று, உங்கள் பகுதியின் சொத்து வரி விகிதம். நான்கு, கட்டடத்தின் மீதமுள்ள ஆயுளுக்கான தேய்மானம். இது நிலத்துக்குப் பொருந்தாது, கட்டடத்தின் பங்குக்கு மட்டும்.

ஒரு வீட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, முறை அசெஸருடையது.

வீடு 12 லட்சம் டாலருக்குப் போன வருடம் வாங்கியது. வரி விகிதம் 1.2 சதவீதம். இப்போதைய வரி 14,400 டாலர்.

வாடகை மாதம் 4,500 டாலர் என்றால் ஆண்டுக்கு 54,000. காலி நாட்களுக்கு 5 சதவீதம், அதாவது 2,700 போனால் 51,300. செலவுக்கு 11,300 போனால் நிகரம் 40,000.

விகிதம்: வட்டி 6, அபாயம் 4, வரி 1.2. மீதமுள்ள ஆயுள் 40 வருடம் என்றால் ஆண்டுக்கு 2.5 சதவீதம், மதிப்பில் கட்டடத்தின் பங்கு 40 சதவீதம் என்றால் அது 1 சதவீதமாகிறது. கூட்டினால் 12.2 சதவீதம்.

40,000த்தை 12.2 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 3,27,900 டாலர். அதற்கு வரி சுமார் 3,930 டாலர். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம்.

சரி, இதே வீட்டை நாற்பது வருடத்துக்கு முன் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். ஆண்டுதோறும் 2 சதவீதம் ஏறினாலும் அவருடைய மதிப்பு இன்று சுமார் 3,31,200 டாலர். மில்ஸ் மதிப்பும் கிட்டத்தட்ட அதேதான். அவருக்கு ஆண்டுக்கு மிச்சம் நாற்பது டாலர்! விண்ணப்பக் கட்டணமே அதைவிடப் பல மடங்கு இருக்கும். அசெஸர் மூன்று மதிப்புகளையும் ஒப்பிடுவார்: ப்ரொப்பொசிஷன் 13 மதிப்பு, இன்றைய சந்தை மதிப்பு, மில்ஸ் மதிப்பு. எது குறைவோ அதற்குத்தான் வரி. அதனால் ஒப்பந்தத்தால் வரி ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் நீண்ட காலமாக இருப்பவர்களுக்குக் குறையாமலே போகலாம். அண்மையில் வாங்கியவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் கை கொடுக்கிறது.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. மில்ஸ் மதிப்பு ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. வட்டி விகிதம் இறங்கினால் வகுக்கும் எண் சிறிதாகி மதிப்பு ஏறும். மேலே உள்ள கணக்கில் வட்டியை 3 சதவீதமாக்கிப் பாருங்கள்: மதிப்பு சுமார் 4,34,800, வரி சுமார் 5,220. வாடகை ஏறினாலும் மதிப்பு ஏறும். முதல் வருட மிச்சத்தைப் பத்தால் பெருக்கிப் பட்ஜெட் போட்டால் பின்னால் இடிக்கும்.

வரிச் சீட்டில் மதிப்போடு சம்பந்தமில்லாமல், நிலத்துண்டுக்கு இவ்வளவு என்று வரும் கட்டணங்களும் இருக்கும்: பள்ளிக்கான பார்சல் வரி, ‘மெல்லோ ரூஸ்’ மாதிரியானவை. அவை குறையாது. சீட்டின் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடாமல் மதிப்பின் மேல் வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பத்து ஆண்டு வேலைத் திட்டம் எழுதுங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இதுதான். எந்த ஆண்டு எந்த வேலை, தோராயச் செலவு எவ்வளவு என்று பட்டியலிட வேண்டும். கூரை, அஸ்திவாரம், நிலநடுக்கப் பாதுகாப்பு, ஜன்னல்கள், முன் திண்ணை, புகைபோக்கி, வெளிப்புறப் பலகை, பெயின்ட் ஆகியவை பொதுவாக ஏற்கப்படும். பழைய மின்கம்பிகளை மாற்றுவதையும் பல நகரங்கள் ஏற்கின்றன. புதுச் சமையலறை, குளியலறை அலங்காரம் போன்றவற்றைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள்.

வரிசை முக்கியம். தண்ணீர் உள்ளே வரும் வழியை முதலில் அடையுங்கள்: கூரை, மழைநீர்க் குழாய், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடு. அடுத்தது அஸ்திவாரம். அந்தக் காலத்து வீடுகளில் மரச்சட்டம் அஸ்திவாரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், போல்ட் இருக்காது. நிலநடுக்கத்தில் வீடு அப்படியே நழுவி இறங்கிவிடும். அழகான திண்ணைத் தூணுக்கு முதல் வருடமே பணம் போட்டுவிட்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலைகள் எல்லாம் அமெரிக்க உள்துறைச் செயலரின் சீரமைப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும். மொத்தம் பத்து விதிகள். அடிக்கடி இடறுபவை இவை: கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்ய முடிந்தால் சரிசெய்ய வேண்டும், மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதன் வடிவம், நிறம், அமைப்போடு ஒத்துப்போக வேண்டும். மணலை வீசிச் சுத்தம் செய்வது போன்ற முரட்டு வேலை கூடாது, அது செங்கல்லின் தோலை உரித்துவிடும். இல்லாத அலங்காரத்தை ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஊகித்து ஒட்டக் கூடாது. புதிதாகக் கட்டும் பகுதி பழையதோடு இசைந்தும் இருக்க வேண்டும், புதுசு என்று அடையாளமும் தெரிய வேண்டும்.

மறுபடியும் ஜன்னலுக்கே வருகிறேன், ஏனென்றால் அதிக விண்ணப்பங்கள் சிக்குவது அங்கேதான். மரச்சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஆளி எண்ணெய்ப் பசை (‘புட்டி’ என்பார்கள்) காய்ந்து உதிரும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும். அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதுக்கட்டை சேர்க்கலாம். குளிர் காற்று வருகிறது என்றால் விளிம்பில் வெண்கலப் பட்டை அடிக்கலாம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வினைல் போட்டிருந்தால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதை மர ஜன்னலாகத் திருப்புவதையே மூன்றாம் ஆண்டு வேலையாகத் திட்டத்தில் எழுதலாம். ஒன்று மட்டும் கவனம்: 1978க்கு முந்தைய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய்ந்த பெயின்ட்டை நீங்களே சுரண்டக் கூடாது. ஈயப் பாதுகாப்புச் சான்று பெற்றவர்களை அழையுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பதிவான வீடுகளுக்குக் கலிஃபோர்னியா வரலாற்றுக் கட்டட விதித்தொகுப்பு பொருந்தும். திண்ணைக் கைப்பிடி உயரம் இன்றைய விதிக்குப் போதவில்லை, பெயர்த்துவிடு என்று ஆய்வாளர் சொன்னால், பாதுகாப்புக்கு மாற்று வழி காட்டிப் பழையதை வைத்துக்கொள்ள அதில் இடம் உண்டு.

செலவுத் தொகையை ஆசைக்கு எழுதாதீர்கள். எழுதியதைச் செய்யும் கடமை உங்களுக்கு வருகிறது. எதிர்பார்க்கும் வரி மிச்சத்தைப் பக்கத்திலேயே ஒரு பத்தியாக வைத்துக்கொண்டு அதற்கேற்ப எழுதினால் பத்து வருடமும் மூச்சு வாங்காமல் போகலாம்.

படி 5: விண்ணப்பம் முதல் பதிவு வரை

ஒவ்வொரு அறையையும், நாலு பக்க வெளிச்சுவரையும், பழுதான ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். நகரம் ஒப்பந்தத்துக்கு முன் வீட்டை உள்ளும் புறமும் பார்க்கும். பிறகு பாரம்பரியக் குழு, அப்புறம் நகர சபை என்று போகும். இதற்குச் சில மாதங்கள் ஆகும்.

மறக்கக் கூடாத தேதி டிசம்பர் 31. கலிஃபோர்னியாவில் சொத்து மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி நிர்ணயமாகிறது. கையெழுத்தான ஒப்பந்தத்தை நகரம் 20 நாட்களுக்குள் கவுண்ட்டி பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அது ஆண்டு முடிவதற்குள் பதிவாகிவிட்டால் அடுத்த ஜூலையில் தொடங்கும் வரி ஆண்டிலேயே பலன் கிடைக்கும். ஜனவரி 2ல் பதிவானால் முழு ஒரு வருட மிச்சம் போச்சு. மேலே போட்ட கணக்கில் அது பத்தாயிரம் டாலர். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து நகர அலுவலகத்துக்கு அடிக்கடி போன் செய்து, பதிவு எண் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

படி 6: முதல் சீட்டு வந்த பிறகு

வரிச் சீட்டு இலையுதிர் காலத்தில் வரும். முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10 கெடு. வங்கியே மாதத் தவணையோடு வரியையும் பிடித்துக் கட்டுவதாக இருந்தால், புதுச் சீட்டின் நகலை உடனே அனுப்பி மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழைய தொகையையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அசெஸர் வைத்த வாடகை அதிகம் என்று தோன்றினால் முதலில் அவருடைய கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பேசியும் தீரவில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். விண்ணப்பக் காலம் ஜூலை 2ல் தொடங்கும். கவுண்ட்டியைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30ல் முடியும்.

படி 7: பத்து ஆண்டு என்பது எப்போது முடியும்?

தானாக முடியாது. ஒப்பந்தக் காலம் குறைந்தது 10 ஆண்டுகள். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தின் ஆண்டு நிறைவு நாளில் ஓர் ஆண்டு தானாகச் சேர்ந்துகொள்ளும். எந்த நாளில் பார்த்தாலும் முன்னால் பத்து ஆண்டு நிற்கும். வெளியே வர வேண்டும் என்றால் அந்த நாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு புதுப்பிக்க விருப்பமில்லை என்று எழுத்தில் தர வேண்டும். அதன்பின் மீதி ஆண்டுகள் ஓடி முடியும். வரி மதிப்பு படிப்படியாகப் பழைய நிலைக்கு ஏறும். நகரமும் இப்படி அறிவிப்புத் தரலாம்.

விற்றால் ஒப்பந்தம் புது உரிமையாளருக்குப் போகும். வாங்குபவருக்கு இது பெரிய ஈர்ப்பு, ஏனென்றால் அவர் இன்றைய விலையில் வாங்கினாலும் வரி மில்ஸ் மதிப்புக்குத்தான். கடமைகளும் அவருக்கே போகும். அதனால் நீங்கள் வாங்குபவராக இருந்தால் வேலைத் திட்டத்தில் எவை பாக்கி என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தை மீறினால் நகரம் ரத்து செய்யலாம். அபராதம் அன்றைய சந்தை மதிப்பில் 12.5 சதவீதம். 12 லட்சம் டாலர் வீட்டுக்கு அது ஒன்றரை லட்சம் டாலர். பதினான்கு வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றால் இன்னொன்றும் பாருங்கள். தேசியப் பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடத்துக்குச் சீரமைப்புச் செலவில் 20 சதவீதம் மத்திய வருமான வரியில் கழிவு உண்டு. ஐந்து ஆண்டுகளில் பிரித்துத் தருவார்கள். வேலை தொடங்கும் முன்பே ஒப்புதலுக்கு அனுப்புவது நல்லது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடைக்காது.

ஒப்பந்தம் தொடங்கிய பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நகரம் வந்து உள்ளும் வெளியும் பார்க்கும். அதற்காக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வேலைக்கும் முன் படம், பின் படம், ரசீது, அனுமதிச் சீட்டு. எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் அந்த அறுந்த பருத்திக் கயிற்றின் ஒரு துண்டை ஒட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் புதுக் கயிறு வாங்கிய ரசீது.